ஒரு டியூக்கின் ஐந்து குடும்பப் பெயர்கள்

சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயைத் தெரியாதவர்கள் இல்லை. அதற்குப் பெயர் கொடுத்த மனிதரின் முழுப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ரிச்சர்டு பிளாண்டாஜெனெட் காம்ப்பெல் டெம்பிள்-நூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். பக்கிங்ஹாம் மற்றும் சாண்டோஸின் மூன்றாம் டியூக். 1875 முதல் 1880 வரை மதராஸ் ஆளுநர். முதல் மூன்றும் அவருக்கு வைத்த பெயர்கள். மீதி ஐந்தும் குடும்பப் பெயர்கள். ஒரு ஆளுக்கு எதற்கு ஐந்து குடும்பப் பெயர்?

இந்தக் கேள்வியை நான் தேடிப் போனதற்குக் காரணம் வேறு. எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் ஒரு கல்லூரித் தம்பி கேட்டான்: "அண்ணா, ஆளாளுக்கு ஆண்ட பரம்பரைன்னு போஸ்டர் அடிக்கிறான். நாமளும் ஒரு காலத்துல ஆண்டவங்கதானே, அதை ஏன் நாம எழுதக் கூடாது?" அவன் ஊர்த் தெருமுனையில் அப்படி ஒரு போஸ்டர் தினமும் அவன் முகத்தில் அறைகிறது. கோபம் நியாயமானது. ஒரு வரியில் 'கூடாது' என்று சொல்லி அவனை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வம்சாவளியை அச்சுப் போட்டு, திரும்பத் திரும்பப் புதுப்பித்து, அலமாரியில் அடுக்கி வைத்தவர்கள் பிரிட்டன், அயர்லாந்து பிரபுக்கள். அயர்லாந்தில் பிறந்த ஜான் பர்க் என்பவர் 1826இல் தொடங்கிய 'பர்க்ஸ் பியரேஜ்' என்ற தொகுப்பு இன்றும் இருக்கிறது. அந்த வம்சாவளிகள் எப்படித் தயாராயின என்று பார்த்துவிட்டு, நமக்கு அது வேண்டுமா என்று பேசலாம் என்றேன். உதாரணத்துக்கு நம் கால்வாய்க்காரரையே எடுத்துக்கொண்டோம். அன்று பேசியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

அவர் பெயரைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். கிரென்வில் என்பதுதான் தந்தை வழிப் பெயர். பக்கிங்ஹாம்ஷயரில் வாட்டன் என்ற ஊரில் நிலம் வைத்திருந்த குடும்பம். 1710இல் ரிச்சர்டு கிரென்வில் என்பவர் ஹெஸ்டர் டெம்பிளைத் திருமணம் செய்தார். ஹெஸ்டரின் அண்ணன் கோபம் பிரபுவுக்குப் பிள்ளை இல்லை. 1749இல் அவர் இறந்ததும் ஸ்டோ என்ற பெரிய மாளிகையும் நிலமும் தங்கை வழிக்கு வந்தன. டெம்பிள் என்ற பெயர் கிரென்வில்களோடு ஒட்டிக்கொண்டது.

ரிச்சர்டு-ஹெஸ்டரின் பேரன் ஜார்ஜ் கிரென்வில், 1775இல் ராபர்ட் நூஜென்டின் மகள் மேரியைக் கட்டினார். நூஜென்ட் அயர்லாந்தின் வெஸ்ட்மீத் பகுதிக்காரர். பணக்கார விதவைகளை மணந்தே செல்வம் சேர்த்தவர் என்பதால், அந்த வேலைக்கே அவர் பெயரில் ஒரு வினைச்சொல்லை உருவாக்கிக் கேலி செய்தார் ஹொரேஸ் வால்போல். ஜார்ஜ் 1779இல் அரச அனுமதி வாங்கி நூஜென்ட், டெம்பிள் இரண்டையும் தன் பெயரோடு சேர்த்தார். நூஜென்டின் ஏர்ல் பட்டமே மருமகனுக்குப் போகும்படி எழுதி வாங்கப்பட்டது. பிறகு ஜார்ஜின் மகன் 1796இல் சாண்டோஸ் டியூக்கின் ஒரே வாரிசான அன்னா எலைசா பிரிட்ஜஸை மணந்தார். பிரிட்ஜஸும் சாண்டோஸும் வந்து சேர்ந்தன. 1822இல் அவருக்கு டியூக் பட்டம் கிடைத்தது. மதராஸுக்கு வந்தவர் அவருடைய பேரன்.

ஆக, ஐந்தில் நான்கு பெயர்கள் பெண்கள் வழியாக வந்தவை. ஒவ்வொரு பெயரும் ஒரு சொத்து கைமாறியதற்கான ரசீது. 'இந்த நிலம் வேண்டுமென்றால் எங்கள் பெயரைப் போட்டுக்கொள்' என்பது அன்றைய பிரபுக் குடும்பங்களில் சாதாரண ஒப்பந்தம். நாம் 'ரத்தம்' என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெயர், கேட்டு வாங்கி ஒட்டியது.

சரி, பெண் வழியில் சொத்து வந்தால் பெண்ணுக்கு மதிப்பு உண்டா? பெரும்பாலான இங்கிலாந்துப் பட்டங்கள் 'உடலில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கு' என்று எழுதிக் கொடுக்கப்பட்டவை. நம் ஆளுநருக்கு மூன்று மகள்கள், மகன் இல்லை. 1889இல் அவர் இறந்த அன்றே டியூக் பட்டம் முடிந்தது. ஏர்ல் டெம்பிள் பட்டம், எழுதியிருந்த விதிப்படி, சகோதரி மகனுக்குப் போனது. கோபம் வைகவுண்ட் பட்டம் லிட்டில்டன் என்ற உறவுக் குடும்பத்துக்குப் போனது. பெண்ணையும் ஏற்கும் கின்லாஸ் என்ற ஸ்காட்லாந்துப் பட்டம் மட்டும் மூத்த மகள் மேரிக்கு வந்தது. பெண் வழியாக நிலம் வரலாம், பெயர் வரலாம். பட்டம் என்று வந்தால் ஆண் வேண்டும்.

மூத்த மகனுக்கு எல்லாம் என்றால் இளைய மகன்கள் எங்கே போவார்கள்? ராணுவத்துக்கு, திருச்சபைக்கு, கப்பலேறி இந்தியாவுக்கு. பக்கிங்ஹாம் கால்வாய்க்கு முந்தைய பெயர் காக்ரேன் கால்வாய். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸிலிருந்து எண்ணூர் வரை அதை வெட்டியவர் பேசில் காக்ரேன், டன்டொனால்டு ஏர்லின் இளைய மகன்களில் ஒருவர். ஸ்காட்லாந்தின் வாரிசு முறையும் நம் கால்வாயில் ஓடுகிறது.

இனி பழம்பெருமைக்கு வருவோம். டெம்பிள் குடும்பம் தன்னை 11ஆம் நூற்றாண்டின் மெர்சியா ஏர்ல் லியோஃப்ரிக்கின் வாரிசு என்று சொல்லிக்கொண்டது. குதிரையில் நிர்வாணமாகப் போனதாகக் கதை சொல்லப்படும் கொடைவா சீமாட்டியின் கணவர்தான் அந்த லியோஃப்ரிக். ஆவணங்களில் கிடைக்கும் டெம்பிளோ ஆடு வளர்த்தவர். பீட்டர் டெம்பிள் 1571இல் ஸ்டோவைக் குத்தகைக்கு எடுத்தார். கம்பளி விற்ற காசில் அவர் மகன் அதை விலைக்கு வாங்கினார். ஆடு மேய்ச்சலில் என்ன கேவலம்? ஒன்றுமில்லை. ஆனால் பணம் வந்ததும் அந்த ஆடுகளை மறைக்க ஒரு ஏர்ல் தேவைப்பட்டார். 19ஆம் நூற்றாண்டில் இந்தக் குடும்பம் தனக்கு உரிமையுள்ள குலச்சின்னங்கள் என்று 719 சின்னங்களைச் சேர்த்து ஒரே ஓவியமாக வரைந்து வைத்தது. அதே காலத்தில் இரண்டாம் டியூக் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் கடன் வைத்துத் திவாலானார். 1848இல் ஸ்டோ மாளிகையின் பொருள்களை ஏலம் போட்டு முடிக்க 40 நாள் ஆயிற்று.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். டென்பி ஏர்ல்களான ஃபீல்டிங் குடும்பம், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரச வம்சத்திலிருந்து வந்ததாக இரட்டைத் தலைக் கழுகைப் போட்டுக்கொண்டது. வரலாற்றாசிரியர் கிப்பனே அதை நம்பி எழுதினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. எச். ரவுண்டு என்ற ஆய்வாளர் அது புனைவு என்று நிறுவினார். இத்தகைய பல கதைகளை பர்க் தொகுப்பு அப்படியே அச்சிட்டு வந்ததையும் அவர் தோலுரித்தார்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பா அம்மா இருவர், தாத்தா பாட்டி நால்வர் என்று போனால் பத்தாவது தலைமுறையில் ஒவ்வொருவருக்கும் 1,024 இடங்கள். வம்சாவளி எழுதுகிறவர் அதில் ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு 1,023 பேரை அழிக்கிறார். அழிக்கப்படுவது யார்? நிலம் இல்லாதவர்கள், வேலைக்காரர்கள், பெரும்பாலும் பெண்கள். 'ஆண்ட பரம்பரை' என்று ஒருவர் சொல்லும்போது, தன் பாட்டிகளில் எத்தனை பேரைத் தூக்கி எறிந்தார் என்று கேட்க வேண்டும்.

அயர்லாந்தில் வம்சாவளி ஆயுதமாகவே இருந்தது. இங்கிலாந்துப் பிரபுக்கள் தங்கள் நிலம் துண்டாகக் கூடாது என்று மூத்த மகனுக்கே எல்லாம் கொடுத்தார்கள். அதே ஆட்சி 1704இல் அயர்லாந்தில் ஒரு சட்டம் போட்டது: கத்தோலிக்கர் இறந்தால் நிலத்தை எல்லா மகன்களுக்கும் சமமாகப் பிரித்தே ஆக வேண்டும். மூத்த மகன் அரசுத் திருச்சபைக்கு மாறினால் மட்டும் முழுவதும் அவனுக்கே. சமத்துவம் மாதிரித் தெரியும். சில தலைமுறைகளில் கத்தோலிக்க நிலவுடைமையைத் தூள் தூளாக்கும் ஏற்பாடு அது. ராபர்ட் நூஜென்ட் கத்தோலிக்கராகப் பிறந்து அரசு மதத்துக்கு மாறியவர் என்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

அந்த நாட்டின் உழவர்களுக்கு வம்சாவளி இருக்கிறதா? 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளினின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புகள் பெரும்பாலும் சாம்பலாயின. 1861, 1871 ஏடுகளை அரசே முன்பு அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாயின. முழுமையாகக் கிடைக்கும் முதல் கணக்கெடுப்பு 1901. எனவே, பஞ்சத்தில் கப்பலேறிய ஐரிஷ் குடியானவரின் கொள்ளுப் பேத்தி இன்று தேடுவது, 1847க்கும் 1864க்கும் இடையில் வரி போடுவதற்காக எடுத்த கிரிஃபித் மதிப்பீட்டு ஏடு. ஒரு பத்தியில் குடியிருப்பவர் பெயர், அடுத்த பத்தியில் நிலத்தை விட்டவர் பெயர். பக்கத்துப் பத்திக்காரருக்கு பர்க் புத்தகத்தில் பக்கம் பக்கமாகக் கதை இருக்கிறது. இவருக்கு இந்த ஒரு வரி.

அன்னா எலைசா கொண்டு வந்த சொத்தில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் அருகே ஹோப் என்ற தோட்டமும் அடக்கம். அவருடைய அம்மாவின் முதல் கணவர் வழியில் வந்தது. அங்கே கரும்பு வெட்டியவர்கள் அடிமைகள். 1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கினார்கள். அது முழுவதும் உடைமையாளர்களுக்கு. உழைத்தவர்களுக்குக் காசு இல்லை. ஜமைக்காவில் 1817 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை எடுத்த அடிமைப் பதிவேடுகளில் அந்த மக்களின் பெயரும் வயதும் இருக்கின்றன. எஜமானின் சொத்துப் பட்டியலாக.

இப்போது 1877க்கு வாருங்கள். தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாகக் கணிக்கப்படும் பஞ்சம். நம் முன்னோர்களின் சோற்றளவைத் தீர்மானித்தவர்கள் மூன்று பேர். வைஸ்ராய் லிட்டன், அவர் அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்டு டெம்பிள், ஆளுநர் பக்கிங்ஹாம்.

மூவரின் பெயரையும் பாருங்கள். லிட்டனின் குடும்பப் பெயர் புல்வர்-லிட்டன். அவர் அப்பா, நாவலாசிரியர் எட்வர்டு புல்வர், தன் தாயின் நெப்வொர்த் எஸ்டேட் கைக்கு வந்தபோது லிட்டனைச் சேர்த்துக்கொண்டார். சர் ரிச்சர்டு டெம்பிளின் முன்னோர் டிக்கன்கள். 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் டிக்கன் என்பவர் ஸ்டோ டெம்பிள் வம்சத்தைச் சேர்ந்த ஒரு பாரோனெட்டின் மகளை மணந்தார். அவர்கள் மகன் 1796இல் டிக்கனை விட்டுவிட்டு டெம்பிள் ஆனார். ஆளுநரின் ஐந்து பெயர்களிலும் முதலில் நிற்பது அதே டெம்பிள். ஸ்டோவின் ஆட்டுக்கார வம்சத்தின் பெயரைப் பெண் வழியாக வாங்கிய இருவர், மதராஸில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பக்கிங்ஹாமின் அரசு தானியம் வாங்கிச் சேர்த்தது வைஸ்ராய்க்குப் பிடிக்கவில்லை. டெம்பிள் வந்து, நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு ஒன்றரை ராத்தலாக இருந்த தானிய அளவை ஒரு ராத்தலாக வெட்டினார். நாள் முழுக்க மண் சுமக்கிறவருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவு. சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இது உயிரைக் கொல்லும் அளவு என்று எதிர்த்தார். சில மாதங்கள் கழித்துத்தான் ஓரளவு உயர்த்தினார்கள். ஆளுநர் அந்த மூவரில் குறைந்த கொடுமைக்காரர் என்று வேண்டுமானால் சொல்லலாம். கால்வாய் அவர் பெயரில் இருப்பதற்குக் காரணம் அந்த இரக்கமா என்பது வேறு கேள்வி.

1877, 1878இல் நிவாரணக் கூலிகளைக் கொண்டு அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையில் சுமார் 5 மைல் வெட்டி இணைத்தார்கள். அதன் பிறகுதான் கால்வாய்க்கு டியூக்கின் பெயர். பஞ்சத்தில் முதலில் வேலைமுகாமுக்கு வருகிறவர்கள் குதிரில் நெல் இல்லாதவர்கள், நிலம் இல்லாதவர்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் அந்த நிலமற்ற கூலிகளில் பெரும்பகுதி யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஆளுக்கு ஐந்து குடும்பப் பெயர் இருந்த அதே இடத்தில், வெட்டிய ஆயிரக்கணக்கானோர் 'கூலிகள்' என்ற ஒரே சொல்லுக்குள் போனார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் பிரபுத்துவமும் சாதியும் ஒன்றல்ல. அங்கே ஆடு வளர்த்தவர் கொள்ளுப்பேரன் பிரபுவாகலாம். பிரபுவின் இளைய மகனின் பிள்ளைகள் சட்டப்படி சாதாரணக் குடிமக்கள். வணிகர் மகள் பணத்தோடு வந்தால் கதவு திறக்கும். இங்கே பணம் எந்தக் கதவையும் திறக்காது. படித்து, கலெக்டரானாலும் ஊர்த் தெருவில் வாடகைக்கு வீடு கிடைக்காது. அகமணம்தான் சாதியின் உயிர்நிலை என்று அண்ணல் அம்பேத்கர் 1916லேயே கொலம்பியாவில் எழுதி வாசித்தார். பிரபுக்கள் சொத்துக்காக வெளியே பெண்ணெடுத்தார்கள். சாதி, வெளியே போகும் பெண்ணைக் கொல்கிறது. நெகிழும் தன்மையுள்ள அந்த வம்சாவளிக்கே இத்தனை பொய் தேவைப்பட்டது என்றால், நெகிழவே நெகிழாத ஒரு அமைப்புக்குள் நின்று நாமும் ஒரு ராஜா கதை எழுதினால் என்ன ஆகும்? நமக்குக் கீழே ஒருவரைத் தேடுவோம். அருந்ததியர் தெருவில் போய் நம் போஸ்டரை ஒட்டுவோம். ராஜா என்றாலே கீழே யாராவது இருந்தாக வேண்டும்.

அப்படியென்றால் அயோத்திதாசர் 'பூர்வ பௌத்தர்' என்றது என்ன என்று தம்பி மடக்கினான். நல்ல கேள்வி. அவர் கேட்டது சிம்மாசனம் இல்லை. சாதி இல்லாத ஒரு அறத்துக்கு நாம் சொந்தக்காரர்கள் என்றார். தன் குடும்ப நினைவாக அவர் எழுதி வைத்ததும் அப்படித்தான். தன் பாட்டனார் கந்தப்பன் ஒரு வெள்ளைக்கார துரையிடம் பட்லராக இருந்தார், தம்மிடமிருந்த திருக்குறள் ஏடுகளை எல்லிஸ் துரையிடம் சேர்த்தார் என்று சொன்னார். பட்லர் என்பதை அவர் மறைக்கவில்லை. உழைத்த கையும் அந்தக் கையிலிருந்த நூலும் சேர்ந்தே அந்த வம்சாவளியில் நிற்கின்றன.

நமக்கு வம்சாவளி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. என் குடும்பத்தில் அப்பாவின் தாத்தா பெயர் வரை தெரியும், அதற்கு மேல் இருட்டு. பாட்டிகளில் ஒருவருடைய பெயர்கூட எந்தக் காகிதத்திலும் இல்லை. அந்த இருட்டு வலிக்கிறது. ஆனால் அதை ராஜாவைக் கொண்டு நிரப்பினால் என் பாட்டியை இன்னொரு முறை அழித்தவனாவேன்.

பிரபுக்களிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். வம்சாவளி என்பது கடைசியில் நிலத்துக்கான காகிதம் என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். நம்மிடமும் அப்படி ஒரு காகிதம் இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அனுப்பிய அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்களைப் பத்தாண்டுக்கு யாருக்கும் விற்க முடியாது, பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காகத்தான் 1994இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். கால்வாய்க் கரையில் தலைமுறைகளாக இருந்தவர்களை 'ஆக்கிரமிப்பாளர்' என்று சொல்லி கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றிக்கொண்டு போகும்போது அதிகாரி கேட்பது ஒரே கேள்வி: எத்தனை வருஷமாக இருக்கிறாய், ஆதாரம் எங்கே? அது வம்சாவளிக் கேள்விதான்.

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியவை இவை. வீட்டில் இருக்கும் மூத்த பெண்மணியிடம் உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்த பெண்களின் பெயர்களை முதலில் எழுதுங்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்தப் பஞ்சத்தில், யார் நிலத்தில் என்ன கூலிக்கு என்று கேளுங்கள். யாராவது கப்பலேறினார்களா என்று கேளுங்கள். மதராஸிலிருந்து நட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் பதிவுகளில் பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி எல்லாம் இருக்கின்றன. டர்பனில் உள்ள பேரப்பிள்ளைகள் அதை வைத்துத்தான் இன்று ஊர் தேடுகிறார்கள். பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் உங்கள் கிராமத்து 'அ' பதிவேட்டின் நகலுக்கு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். எந்தப் புல எண் டி.சி. நிலம், இன்று யார் பெயரில் பட்டா என்று ஒரு நோட்டில் பத்தி போட்டு எழுதுங்கள். கிரிஃபித் ஏட்டில் இருந்த மாதிரியே இரண்டு பத்திகள் போதும்.

அந்தத் தம்பி முதல் மனுவைப் போட்டுவிட்டான். பதில் வந்ததும் வாசிப்பு வட்டத்தில் வைத்துப் படிக்கிறோம். உங்கள் ஊர் நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.